ஆம்னிபுக் நோட்ஸ் வந்துவிட்டது, ஜாஸ் ஏன் வரவில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஐடி வேலை. சின்ன வயதில் கீபோர்டு கற்றதால் ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்க வரும். மூன்று வருடமாக ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறீர்கள். சார்லி பார்க்கர் என்ற ஆல்டோ மேதையின் சோலோக்களைத் (தனி வாசிப்புகளை) தொகுத்த ஆம்னிபுக் வாங்கி, அதில் ‘பில்லீஸ் பவுன்ஸ்’ சோலோவை மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 120 டிக் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறீர்கள். ரெக்கார்டு அதைவிட நன்றாகவே வேகம். எப்படி வேகத்தைக் கூட்டுவது, புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதா காதால் கேட்டு எடுப்பதா, அடுத்து எந்த சோலோ, சாக்ஸ்காரர் ஜான் கோல்ட்ரேனின் ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ பக்கம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: “நோட்ஸ் எல்லாம் சரிதான், ஆனால் டைப்ரைட்டிங் கிளாஸ் மாதிரி இருக்கு என்கிறார் என் கணவர்.” வேகத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும், உங்களை உறுத்துவது இந்த வரிதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் மற்றவை பாதி தானாகச் சரியாகிவிடும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், என் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். சர்ச் பேண்டில் கிளாரினெட்டில் தொடங்கி ஆல்டோவுக்கு வந்தவன். பெங்களூர் காக்ஸ் டவுனில் சாக்ஸ் சொல்லித் தருகிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் உங்களைப்போல வேலைக்குப் போய்க்கொண்டே கற்பவர்கள். அதனால் கீழே சொல்வதெல்லாம் ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம் என்றிருப்பவர்களுக்கானது. இசைக் கல்லூரியில் முழுநேரம் படிப்பவருக்கு வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

முதலில் புத்தகம். ஆம்னிபுக் 1978இல் வந்தது. ஜேமி ஏபர்சோல்டும் கென் ஸ்லோனும் பார்க்கரின் ரெக்கார்டுகளைக் கேட்டு எழுதிய 60 சோலோக்கள். ஆல்டோவுக்கான ஈ-ஃபிளாட் பதிப்பு இருப்பதால் நீங்கள் எதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை. அப்படியே ரெக்கார்டோடு சேர்ந்து வாசிக்கலாம். உலகத்தில் பாதி சாக்ஸ்காரர்கள் வீட்டில் இது கிழிந்துபோய்க் கிடக்கும். நல்ல புத்தகம்தான். ஆனால் அதைத் திறந்து வைத்து ஒரு பக்கத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். எந்த நோட், எவ்வளவு நேரம், மேலே என்ன கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு), அவ்வளவுதான் இருக்கும். எந்த நோட்டை நாக்கால் தட்டுவது, எதைச் சேர்த்து ஊதுவது, எது பலம், எது விழுங்கப்பட வேண்டியது என்பது ஏறக்குறைய இல்லவே இல்லை. சில இடங்களில் நோட்டுமே ரெக்கார்டோடு ஒத்துப்போகாது. ஸ்வரம் அச்சடித்த புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் தோடி வர்ணம் பாடினால் எப்படி இருக்கும்? ஸ்வரம் ஒன்றுகூடத் தப்பாது, தோடியும் வராது. புத்தகத்தில் கமகம் இல்லை, அது பாடாந்தரத்தில்தான் இருக்கிறது என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பார்க்கர் வாசித்த வேகமான ஜாஸ் பாணியான பீபாப்புக்கும் அப்படித்தான். பார்க்கர் நமக்கு நேரில் சொல்லித்தர முடியாது; அவர் 1955இலேயே, 34 வயதில், போய்விட்டார். ரெக்கார்டுதான் பாடாந்தரம்.

அச்சில் விட்டுப்போனது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் டைப்ரைட்டிங் சத்தம் அங்கேதான் பிறக்கிறது. முதலாவது, காலம். புத்தகத்தில் எய்த் நோட்டுகள் (ஒரு பீட்டுக்கு, அதாவது ஒரு தாள அடிக்கு, இரண்டு வருபவை) எல்லாம் சமமாக எழுதப்பட்டிருக்கும், வாசிப்பது ஸ்விங்காக. ஸ்விங் என்றதும் பலர் திஸ்ரத்தை நினைத்துக்கொள்கிறார்கள்: ‘தகிட’வில் முதல் இரண்டையும் ஒட்டி, ‘தா…ட தா…ட’ என்று நொண்டி அடிப்பது. மெதுவான பாட்டுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் டெம்போ ஏற ஏற இந்த நீள வித்தியாசம் குறைந்துகொண்டே வரும்; வேகமான பீபாப்பில் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும். இது அபிப்பிராயம் இல்லை, ரெக்கார்டுகளை அளந்து பார்த்து உறுதி செய்த விஷயம். அப்படியானால் உங்களுடைய சமமான எய்த் நோட்டுக்கும் பார்க்கருடைய சமமான எய்த் நோட்டுக்கும் என்ன வித்தியாசம்? பீட்டின் மேல் எங்கே உட்காருகிறது என்பதில் கொஞ்சம், எதற்கு அழுத்தம் என்பதில் நிறைய.

உட்காருவதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு உண்டு. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகர ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டது. பியானோ வாசிப்பின் நேரக் கணக்கைக் கணினியில் நுணுக்கமாக நகர்த்தி, எது அதிகம் ஸ்விங் ஆகிறது என்று ஜாஸ் கலைஞர்களிடமே கேட்டார்கள். பீட்டில் விழும் நோட்டை, தாளம் பிடிக்கும் டிரம்ஸ், பாஸ் கூட்டமான ரிதம் செக்‌ஷனைவிட ஏறத்தாழ 30 மில்லி செகண்ட் தாமதமாக்கி, இரண்டு பீட்டுக்கு நடுவில் விழும் ஆஃப்-பீட் நோட்டை மட்டும் அவர்களோடு சரியாகச் சேர விட்ட வடிவத்துக்கே அதிக ஓட்டு. 30 மில்லி செகண்டை யாரும் எண்ணி வாசிக்க முடியாது, நானும் முயலச் சொல்லவில்லை. மெட்ரோனோமின் ‘டிக்’ மேலேயே ஆணி அடித்த மாதிரி நிற்பதுதான் துல்லியம் என்று நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். அந்தத் துல்லியமே டைப்ரைட்டிங்காகக் கேட்கிறது என்பதற்காகச் சொன்னேன். இதைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த ஒரே வழி, ரெக்கார்டை ஓட விட்டு அதற்குள் நுழைந்து வாசிப்பது. உங்கள் சத்தம் அவருடைய சத்தத்துக்குப் பின்னால் மறைந்துபோக வேண்டும். தனியாகத் துருத்திக்கொண்டு கேட்டால் நீங்கள் முந்துகிறீர்கள். பத்துக்கு ஒன்பது பேர் முந்தத்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது, நாக்கு. எல்லா நோட்டையும் ‘டு டு டு டு’ என்று தட்டினால் டைப்ரைட்டிங். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் ஊதினால் கஞ்சி. தொடக்கத்துக்கு ஒரு விதி: ஆஃப்-பீட் நோட்டைத் தட்டி, அடுத்த பீட் நோட்டோடு சேர்த்து ஊதுங்கள். ஒன்று-அண்ட்-இரண்டு-அண்ட் என்று எண்ணினால், ‘அண்ட்’ எல்லாம் நாக்கு, எண் எல்லாம் நாக்கில்லாமல். முதலில் ஒரு மேஜர் ஸ்கேலில் இதைச் செய்து பாருங்கள். உங்களுக்கே சிரிப்பு வரும், அவ்வளவு சீக்கிரம் ஜாஸ் வாசனை அடிக்கும். ஆனால் இது தொடக்க விதிதான். பார்க்கர் இப்படி ஒரே மாதிரி வாசித்தவர் இல்லை. நீளமாகச் சேர்த்து ஊதிக்கொண்டே போவார். வரி மேலே ஏறி ஒரு உச்சியைத் தொட்டுத் திரும்பும் இடத்தில், அது பெரும்பாலும் ஆஃப்-பீட்டாக இருக்கும், அங்கே நாக்கால் ஒரு குத்து. நடுவில் சில நோட்டுகள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியாது. விரல் போகும், நாக்கு ரீடின் (மவுத்பீஸில் அதிரும் நாணல் பட்டையின்) நுனியைப் பாதி மூடியிருக்கும், சத்தம் விழுங்கப்பட்டுவிடும். கோஸ்ட் நோட் என்பது அதுதான். ஆம்னிபுக்கில் அந்த நோட்டும் பக்கத்து நோட்டைப் போலவே கறுப்பாக, முழுசாக அச்சாகியிருக்கிறது. நீங்கள் அதற்கும் முழு மரியாதை கொடுத்து ஊதுகிறீர்கள். அப்புறம் எப்படிப் பேச்சு மாதிரி கேட்கும்?

இதையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொள்ளலாமா என்றால், தாராளமாக. ஆனால் அதற்கு முன்னால் பாடுங்கள். சாக்ஸைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, சோலோவின் முதல் பன்னிரண்டு பாரை (தாளச் சுற்றை) ரெக்கார்டோடு சேர்ந்து பாட வரும்வரை பாடுவது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. நியூயார்க்கில் லென்னி ட்ரிஸ்டானோ என்ற பியானோக்காரர் தன் மாணவர்களுக்கு வைத்த வேலையே இதுதான்: லெஸ்டர் யங் (டெனர் சாக்ஸ்காரர்), பார்க்கர் சோலோக்களை முதலில் பாட வேண்டும், வாத்தியம் அதற்கப்புறம்தான். சாக்ஸ்காரர்கள் லீ கோனிட்ஸ், வார்ன் மார்ஷ் எல்லாம் அந்தப் பள்ளியில் வந்தவர்கள். சுருதி கொஞ்சம் விலகினால் பரவாயில்லை. எங்கே குத்துகிறார், எங்கே விழுங்குகிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்பது வாயில் வந்துவிட வேண்டும். வாயால் பாட முடியாத வேகத்தில் விரல் ஓடினால் அது வெறும் விரல் வேலை. உங்களுக்கு இதில் கூடுதல் லாபமும் இருக்கிறது: சில்க் போர்டு சிக்னலில் நிற்கும் நேரமெல்லாம் சாதகம். மெட்ரோவில் போகிறவரானால் மனசுக்குள் பாடுங்கள், பக்கத்தில் இருப்பவர் இறங்கிப் போகாமல் இருக்க. அபார்ட்மெண்டில் சத்தப் பிரச்சினை என்று எழுதியிருந்தீர்கள் இல்லையா? சாக்ஸ் சத்தம் முன்பக்க வாயில் மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் எல்லா ஓட்டையிலும் வருகிறது. அதனால் வாயில் துணி அடைப்பதில் பெரிய பயன் இல்லை, கீழ் நோட்டுகள் கெடுவதுதான் மிச்சம். துணி தொங்கும் அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்து ஊதினால் ஓரளவு அடங்கும். பாக்கி நேரத்துக்குப் பாட்டுதான் வழி.

இனி எந்த சோலோ என்ற கேள்வி. ‘பில்லீஸ் பவுன்ஸ்’ஸைக் கொஞ்ச நாள் மூடி வைத்துவிட்டு ‘நவ்ஸ் த டைம்’ எடுங்கள் என்பேன். 1945 நவம்பர் 26 அன்று நியூயார்க்கில் சவாய் கம்பெனிக்காக ஒரே நாளில் பதிவான பாட்டுகள் இவை இரண்டும். ‘கோ-கோ’வும் அதே நாள்தான். டிரம்ஸில் மாக்ஸ் ரோச், இந்த இரண்டு ப்ளூஸிலும் ட்ரம்பெட்டில் 19 வயது மைல்ஸ் டேவிஸ். அந்த 1945 ‘நவ்ஸ் த டைம்’ நிதானமான டெம்போ, அதே எஃப் ப்ளூஸ் (பன்னிரண்டு பார் சுற்றி வரும் வடிவம்), அதாவது வேறு சுருதியில் எழுதப்படும் உங்கள் ஆல்டோவில் டி. வாக்கியங்கள் சின்னவை, நடுவில் இடைவெளி நிறைய. பார்க்கர் பேசுகிறார், நிறுத்துகிறார், மறுபடி பேசுகிறார். 1953இல் அவரே இதைத் திரும்பவும் பதிவு செய்திருக்கிறார், அது வேகம் அதிகம். புத்தகத்தில் இரண்டும் இருப்பதால் எந்த ரெக்கார்டைக் கேட்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து 78 ஆர்பிஎம் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான் பிடிக்கும், அதனால் சோலோக்கள் சுருக்கமாக இருக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு அது வரம்.

வேகத்தைக் குறைத்துக் கேட்க யூட்யூபில் 0.75, 0.5 வசதியே போதும், சுருதி மாறாது. ‘ட்ரான்ஸ்கிரைப்’ போன்ற மென்பொருள் இருந்தால் ஒரு வாக்கியத்தை மட்டும் சுற்றிச் சுற்றிப் போடலாம். எல்பி தட்டைப் பாதி வேகத்தில் ஓட்டி, ஒரு ஸ்தாயி கீழே கேட்கிற சத்தத்திலிருந்து நோட்டைப் பிடித்தவர்களை நினைத்தால் நமக்குப் புகார் சொல்ல இடமே இல்லை. ஒரு எச்சரிக்கை: பழைய பதிவுகள் சில, இன்றைய சுருதிக்குக் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும். ரெக்கார்டோடு வாசிக்கும்போது எல்லா நோட்டும் ஒரே அளவு விலகிக் கேட்டால் உங்கள் உதட்டைக் குறை சொல்லாதீர்கள், மென்பொருளில் சுருதியைச் சரிசெய்யுங்கள்.

சரி, வேகம். மெட்ரோனோமை நான்கு நான்காக ஏற்றிக்கொண்டே போய் 120இல் நின்றுவிட்டது என்கிறீர்கள். இந்த வழி ஓரளவுக்கு வேலை செய்யும், ஆனால் ஒரு சுவர் வரும், எல்லோருக்கும் வரும். மெதுவாக வாசிக்கும்போது விரலைக் கீயிலிருந்து உயரமாகத் தூக்கிவிட்டு இறக்க நேரம் இருக்கிறது. அதே அசைவை வேகத்தில் செய்ய முடியாது. அதனால் முழு சோலோவையும் ஏற்றாமல், துண்டு துண்டாக வேகத்தைத் தொடுங்கள். நான்கு எய்த் நோட், அவை போய் விழும் ஒரு நோட், அங்கே நிறுத்தம். இந்தச் சின்னத் துண்டை முதல் நாளே ரெக்கார்டு வேகத்தில், தேவையான அளவு இடைவெளி விட்டு விட்டு வாசியுங்கள். அப்புறம் அடுத்த துண்டு. பிறகு இரண்டையும் ஒட்டுங்கள். மெட்ரோனோமைப் பாதி எண்ணில் வைத்து, அந்த டிக்கை இரண்டாம் நான்காம் பீட்டாக எண்ணிக்கொள்ளுங்கள். 136 வேண்டுமென்றால் 68. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். டிக் உங்களைத் தூக்கிப் பிடிக்காது, நீங்கள்தான் காலத்தைத் தாங்க வேண்டும், அதற்காகத்தான் இது. மெதுவாக மட்டுமே வாசித்து வளர்வதா, துண்டுகளை வேகத்தில் எடுப்பதா என்பதில் ஆசிரியர்களுக்குள் ஒருமித்த கருத்து கிடையாது. என்னிடம் வரும் பெரியவர்களுக்கு இரண்டாவது வழிதான் அதிகம் பலித்திருக்கிறது. அதற்குமேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

நீங்கள் எங்கே சிக்குகிறீர்கள் என்று எழுதவில்லை, இருந்தாலும் ஊகிக்கிறேன்: நடு சி ஷார்ப்பிலிருந்து டி-க்குப் போகும் இடம். சி ஷார்ப்பில் எந்த விரலும் அழுத்துவதில்லை. அடுத்த டி நோட்டுக்கு இரண்டு கையிலும் மூன்று மூன்று விரல், கூடவே ஆக்டேவ் கீ. ஒன்றுமில்லாததிலிருந்து எல்லாம். ஆல்டோவில் டி-யில் வரும் ப்ளூஸ் என்றால் இந்தப் பாலத்தை ஓயாமல் கடக்க வேண்டும். இந்த இரண்டு நோட்டுக்கு மட்டும் தினமும் ஐந்து நிமிடம் தனியாகக் கொடுங்கள். சி ஷார்ப் வாசிக்கும்போதே வலது கை விரல்களைக் கீழே வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு, சத்தம் பெரிதாக மாறாது, பாரம் பாதியாகக் குறையும்.

கீபோர்டு கற்றவர் நீங்கள். அதைப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம். சோலோவை மனப்பாடம் செய்யும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே என்ன கார்ட் ஓடுகிறது என்று கீபோர்டில் பிடித்துப் பாருங்கள். ப்ளூஸின் எட்டாவது பார் ஒரு நல்ல இடம். சாதாரண ப்ளூஸில் அங்கே டி கார்டிலேயே நிற்கலாம். பீபாப்காரர்கள் அங்கே பி7 நுழைக்கிறார்கள், அடுத்த பாரில் ஈ மைனர், அதற்கடுத்து ஏ7. (எல்லாம் உங்கள் ஆல்டோ எழுத்தில் சொல்கிறேன்.) எட்டாவது பாரில் ஒரு டி ஷார்ப்பும் ஒரு சி நேச்சுரலும் தலை காட்டினால் அது பார்க்கரின் விசித்திரம் இல்லை: டி ஷார்ப் பி7இன் மூன்றாவது, சி நேச்சுரல் அதன் ஃபிளாட் நைன்த். இரண்டும் ஈ மைனருக்குள் போய் விழத் துடிக்கிற நோட்டுகள். அதே மாதிரி, எஃப் ஷார்ப்பில் விழ வேண்டுமென்றால் நேரே விழாமல் மேலே ஜி, கீழே எஃப் நேச்சுரல், அப்புறம் எஃப் ஷார்ப் என்று சுற்றி வளைத்துப் பிடிப்பது. என்க்ளோஷர் என்பார்கள். ஒரு சோலோவுக்குள் இது எத்தனை தடவை வருகிறது என்று பென்சிலால் வட்டம் போடுங்கள், பக்கம் முழுக்க வட்டமாகிவிடும். அதன்பிறகு அந்தப் பக்கம் தனித்தனி நோட்டுகளாகத் தெரியாது, இருபது முப்பது சொற்களாகத் தெரியும். மனப்பாடமும் சுலபம், வேகமும் சுலபம்.

அப்படிப் பிடித்த வாக்கியங்களில் இரண்டோ மூன்றோ போதும், அவற்றை வேறு சுருதிகளுக்கு மாற்றுங்கள். பன்னிரண்டு சுருதியிலும் என்பதுதான் சாஸ்திரம். வேலைக்குப் போகிறவர் ஐந்தில் தொடங்கலாம்: ஆல்டோவில் டி, ஜி, சி, ஏ, எஃப். ஜாமில் (பலர் கூடி உடனுக்குடன் வாசிக்கும் இடத்தில்) வரும் பாட்டுகளில் பெரும் பகுதி இவற்றுக்குள் அடங்கிவிடும். முழு சோலோவைப் பன்னிரண்டு சுருதியில் வாசித்துப் பயிற்சி செய்பவர்களும் உண்டு. மதிக்கிறேன், உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

புத்தகமா காதா? இதில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. காதால் எடுக்காதது எதுவும் உனக்குச் சொந்தமில்லை என்பது ஒரு கட்சி. ஆனால் ஆம்னிபுக்கிலேயே வளர்ந்து அருமையாக வாசிப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பதையும் மறுக்க முடியாது. நான் சொல்வது நடுவழி: ஒரு கோரஸை (பாட்டின் ஒரு முழுச் சுற்றை) முதலில் பாட்டாக எடுங்கள், பிறகு சாக்ஸில் தேடிப் பிடியுங்கள், மாட்டிக்கொண்ட இடத்தில் மட்டும் புத்தகத்தைத் திறங்கள். புத்தகம் வேறு சொன்னால் மறுபடி ரெக்கார்டைக் கேளுங்கள். சில சமயம் நீங்கள் சரியாக இருப்பீர்கள். காகிதத்தில் எழுதி வைப்பது கட்டாயமா என்றால், இல்லை. எழுதினால் கணக்குப் புரியும், எழுதாவிட்டால் மனப்பாடம் உறுதியாகும்.

இப்படிக் காப்பி அடித்தால் சொந்தமாக வாசிக்க வராமல் போய்விடுமோ என்றும் பயப்படுகிறீர்கள். பார்க்கரே 1937 கோடையில் மிசூரியின் ஓஸார்க் மலைப் பக்கம் ஒரு வேலைக்குப் போனபோது, கவுண்ட் பேஸி இசைக்குழுவின் ரெக்கார்டுகளிலிருந்து லெஸ்டர் யங்கின் சோலோக்களை மனப்பாடம் செய்துகொண்டு திரும்பினார். தாமஸ் ஓவன்ஸ் என்பவர் 1974இல் கலிபோர்னியாவில் செய்த முனைவர் பட்ட ஆய்வில், பார்க்கரின் நூற்றுக்கணக்கான சோலோக்களைப் பிரித்துப் பார்த்து, அவர் திரும்பத் திரும்பக் கையாளும் ஏறக்குறைய நூறு வாக்கியங்களைப் பட்டியல் போட்டார். அந்த மேதைக்கே நூறு வாக்கியங்கள் போதுமாக இருந்தன. நீங்கள் மூன்று வாக்கியங்களைக் கடன் வாங்கினால் குடி முழுகிவிடாது. ஆனால் மனப்பாட சோலோவிலிருந்து சொந்த வாசிப்புக்குத் தாண்டுவது தானாக நடக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இருபது சோலோ மனப்பாடமாகத் தெரிந்தும், புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கோரஸ் வாசி என்றால் திகைத்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் தினமும் கடைசிப் பத்து நிமிடம், ஒரு பேக்கிங் ட்ராக் ஓட விட்டு, கற்ற வாக்கியத்தில் ஒன்றை நான்காவது பாரில் வைப்பது, மற்ற பார்களை உங்கள் இஷ்டத்துக்கு நிரப்புவது என்று விளையாடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும். அசிங்கமாக இருக்கும் காலத்தைத் தவிர்க்க வழியில்லை.

தமிழ்க் காதுக்கே உரிய ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், ஆங்கிலப் புத்தகம் எதிலும் இது இருக்காது. சாக்ஸ் என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவு வருவது கத்ரி கோபால்நாத். அதே ஆல்டோதான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதில் கமகங்களைக் கொண்டுவர வருடக்கணக்கில் உழைத்தவர். 1980இல் பம்பாய் ஜாஸ் யாத்ரா விழாவில் ஜாஸ்காரர்கள் நடுவிலேயே வாசித்தவர். அவரைக் கேட்டு வளர்ந்த காதுக்கு நோட்டை அசைக்காமல் விட மனசே வராது. பீபாப்பில் நோட்டுகள் பெரும்பாலும் நேராக நிற்கும். கீழிருந்து சறுக்கி ஏறுவதும், கடைசியில் ஒரு சின்ன அதிர்வு கொடுப்பதும் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும். நீங்கள் எல்லா நீள நோட்டையும் அசைக்கிறீர்களா என்று பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். மறுபக்கம், தாளத்தில் நமக்கு ஆதாயம்தான். வாயில் ‘தகதிமி’ சொல்லிக்கொண்டே கையில் தாளம் போடத் தெரிந்தவருக்கு, பாரைத் தாண்டி நீளும் பார்க்கர் வாக்கியங்கள் அவ்வளவு பயமுறுத்தாது. இரண்டு உலகமும் சேரும் இடம் வேண்டுமானால் ஆல்டோ கலைஞர் ருத்ரேஷ் மகாந்தப்பாவைக் கேளுங்கள். கோபால்நாத்தோடு சேர்ந்து 2008இல் ‘கின்ஸ்மென்’ என்று ஒரு ஆல்பம், பார்க்கரை வைத்து 2015இல் ‘பேர்ட் கால்ஸ்’ என்று ஒன்று. இரண்டாவது ஆல்பம் பார்க்கர் சோலோவை என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு ஒரு பாடம்.

மவுத்பீஸ் மாற்றினால் ஜாஸ் சத்தம் வருமா என்ற கேள்விக்கு: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். சாக்ஸோடு வந்ததே போதும், ரீடின் பலம் மட்டும் இரண்டரை எண்ணுக்கு மேல் போகாதீர்கள். 1953இல் டொரான்டோ மாஸ்ஸி ஹால் கச்சேரியில் பார்க்கர் பிளாஸ்டிக் சாக்ஸில் வாசித்தார். கேட்டுவிட்டு வந்து மவுத்பீஸைப் பற்றிப் பேசுவோம். கீழுதடு உள்பக்கம் புண்ணாவதாக எழுதியிருந்தது மட்டும் கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் கடித்து ஊதுவதால் வருவது. வேகமாக வாசிக்கும்போது கடி அதிகமாகும். சில நாள் விட்டும் ஆறாவிட்டால் பல் டாக்டரிடம் போங்கள், அது என் துறை இல்லை.

‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ இப்போது வேண்டாம். 1959இல் கோல்ட்ரேன் பதிவு செய்தது. அது வேறு கணக்கு, மூன்று சுருதி மையங்களுக்கு இடையே தாவிக்கொண்டே இருக்கும். பார்க்கரின் வாக்கியம் வாயில் வராமல் அங்கே போனால் மறுபடி டைப்ரைட்டிங் கிளாஸ்தான், இன்னும் வேகமான டைப்ரைட்டிங். ‘நவ்ஸ் த டைம்’ ரெக்கார்டுக்குள் மறைந்து வாசிக்க வந்ததும் ‘பில்லீஸ் பவுன்ஸ்’ஸுக்குத் திரும்புங்கள், அதே சொற்கள் அங்கேயும் வருவதைப் பார்ப்பீர்கள். அதற்கடுத்து ப்ளூஸை விட்டு ‘யார்ட்பேர்ட் ஸூட்’: 32 பார், ஆல்டோவில் ஏ மேஜர், 1946 பதிவு, பாடுவதற்கு அவ்வளவு சுகம். நடுவில் ஒரு மாறுதலுக்கு டெக்ஸ்டர் கார்டனின் 1962 ‘கோ’ ஆல்பத்திலிருந்து எட்டு பார் எடுங்கள். அவர் வாசிப்பது டெனர், கையில் புத்தகம் இல்லை, ஆல்டோவில் நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். பீட்டுக்குப் பின்னால் சாய்ந்து உட்காருவது எப்படி என்று அவரைவிடத் தெளிவாகக் காட்டியவர் இல்லை. இது வருடக் கணக்கு வேலை, மாதக் கணக்கு இல்லை. ஆனால் ஜாமுக்குப் போக இதெல்லாம் முடியும்வரை காத்திருக்காதீர்கள். எஃப் ப்ளூஸ் கேளுங்கள், தலைப்பு மெட்டை வாசியுங்கள், இரண்டு கோரஸ் எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு விட்டுவிடுங்கள்; உங்களுக்கு முன்னால் பியானோக்காரர் என்ன கார்ட் போட்டார் என்று மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.